கணவருக்குப் பின் வீடு யாருடையது?

இல்லறத்தார்க்கான சட்டப் பாடம்

குடும்பத் தலைவர் மறைந்தபின் அவர் பெயரிலிருந்த வீடு தானாகவே மனைவிக்கு வந்துவிடும் என்பது நம் சமூகத்தில் பலரும் கொண்டுள்ள நம்பிக்கை. மூத்த மகனுக்கே அது உரியது என்று எண்ணுவோரும் உளர். பட்டா எவர் பெயருக்கு மாறுகிறதோ அவரே உடையவர் என்பாரும் உண்டு. இம்மூன்றும் பிழையான கருத்துகளே. இப்பிழைகளால் துன்புறுபவர் பெரும்பாலும் கணவரை இழந்த தாய்மாரும், மணமாகி வேற்றூர் சென்ற பெண்மக்களுமே ஆவர். ஆகவே இவ்விதழின் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொள்வோம்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் வாழும் ஊர்களில் எத்தனையோ வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றுகின்றனர். வயது முதிர்ந்த அன்னையார் மட்டும் ஊரில் இருக்கிறார். வீட்டு வரி ரசீது பாட்டனார் பெயரில் வருகிறது. மின் இணைப்பு தந்தையார் பெயரில் உள்ளது. பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் தந்தையார் ஒருவரே. அவரும் இப்போது இல்லை. இறுதிக்கடன்கள் முடிந்து உறவினர் ஊர் திரும்புமுன், "எல்லோரும் கூடியிருக்கும்போதே ஒரு கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. அக்கையெழுத்தைப் பற்றியதே இப்பாடம்.

நமக்குரிய சட்டம் எது?

ஜைனர்களுக்கெனத் தனி வாரிசுரிமைச் சட்டம் உண்டா என்று வாசகர் சிலர் கேட்பர். ஒரு காலத்தில் அதற்கான முயற்சி உண்மையாகவே நடைபெற்றது. பத்ரபாகு சம்ஹிதை, வர்த்தமான நீதி, அர்ஹந்நீதி முதலிய நூல்களைத் தொகுத்து, பாரிஸ்டர் சம்பத்ராய் ஜைன் அவர்கள் ஜைனச் சட்டம் பற்றிய நூலொன்றை 1926-இல் வெளியிட்டார்கள். அந்நூல்கள் கூறும் வாரிசு வரிசையில் கணவனின் சொத்துக்கு முதல் உரிமை மனைவியுடையது. மகன் அவளுக்கு அடுத்த நிலையிலேயே வைக்கப்படுகிறான். அக்காலத்து மற்றைய சட்ட நூல்களோடு ஒப்பிட்டால் இது வியப்புக்குரியது. 1878-ஆம் ஆண்டிலேயே, வட இந்திய ஜைனக் குடும்பம் ஒன்றின் வழக்கில், மகனில்லாத ஜைன விதவைக்குக் கணவர் தாமே ஈட்டிய சொத்தில் முழு உரிமை உண்டு என்னும் வழக்காற்றை இலண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 1927-இல் வெளிவந்த ஒரு தீர்ப்பில், ஜைனம் இந்து சமயத்தினின்று பிரிந்த கிளையன்று, ஸ்மிருதிகளுக்கு முற்பட்ட தனி வரலாறுடையது என்றே கொள்ளத் தோன்றுகிறது என நீதியரசர் குமாரசாமி சாஸ்திரி அவர்கள் எழுதினார்கள். ஆயினும் முந்தைய தீர்ப்புகளின் வழிப்படி, தனி வழக்காறு இருப்பதாகக் கூறுவோர் அதனை நிரூபிக்க வேண்டும். இன்றேல் இந்துச் சட்டமே பொருந்தும் என்ற நிலையே நீடித்தது.

இவ்விவாதத்துக்கு 1956-ஆம் ஆண்டு முற்றுப்புள்ளி வைத்தது. அவ்வாண்டு ஜூன் 17-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பௌத்தர், ஜைனர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும் என்று தன் இரண்டாம் பிரிவிலேயே கூறுகிறது. பழைய நூல்வழி விதிகளும் வழக்காறுகளும், இச்சட்டம் பேசும் பொருள்களைப் பொறுத்தவரை, செல்லாதனவாயின. 2014-ஆம் ஆண்டு சனவரியில் ஜைனர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதால் இந்நிலை மாறிவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். அது கல்வி, பண்பாடு, நலத்திட்டங்கள் சார்ந்த அறிவிப்பு. வாரிசுரிமையை அது தொடவில்லை. 2025-இல் இந்தூர்க் குடும்ப நீதிமன்றம் ஒன்று, ஜைனர் சிறுபான்மையினர் ஆகிவிட்டமையால் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் மணமுறிவு கோர இயலாது என்று ஒரு மனுவைத் தள்ளியதும், அதே ஆண்டு மார்ச்சில் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அம்முடிவை நீக்கியதும் வாசகர் நினைவிலிருக்கலாம். அங்கே கூறப்பட்ட காரணம் இங்கும் பொருந்தும்: சட்டத்தின் சொற்களிலேயே ஜைனர் சேர்க்கப்பட்டுள்ளனர்.

பங்குகளின் கணக்கு

கணவர் தாமே ஈட்டிய பொருளில் வாங்கிய வீடு. உயில் எதுவும் எழுதவில்லை. இந்நிலையில் முதல் வகுப்பு வாரிசுகள் அனைவரும் ஒரே நேரத்தில், சமபங்காக அவ்வீட்டை அடைகின்றனர். மனைவிக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பங்கு. மணமானவளா ஆகாதவளா என்ற வேறுபாடு இல்லை. இறந்தவரின் தாயார் உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகன் முன்னரே காலமாகியிருந்தால் அவன் மனைவியும் பிள்ளைகளும், மகள் காலமாகியிருந்தால் அவள் பிள்ளைகளும் சேர்ந்து அப்பங்கைப் பெறுவர். இறந்தவரின் தந்தையார் இவ்வகுப்பில் இல்லை. இது பலரும் அறியாத செய்தி.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனைத் தெளிவாக அறியலாம். ஒருவர் மனைவி, தாயார், ஒரு மகன், இரண்டு மகள்கள் ஆகியோரை விட்டு மறைகிறார். வீடு ஐந்து பங்காகிறது. முப்பதாண்டுகள் அடுப்பெரித்து, வட்டி கட்டி, அவ்வீட்டைக் காத்த மனைவிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இதைக் கேட்டுத் திடுக்கிடாத தாய்மார் குறைவு. சில ஆண்டுகளுக்குப் பின் மாமியாரும் உயில் எழுதாமல் மறைகிறார் என்று கொள்வோம். அவருக்கு வேறு இரண்டு மகன்களும் ஒரு மகளும் உளர். மாமியாருடைய ஐந்தில் ஒரு பங்கு இப்போது நான்காகப் பிரிகிறது: இரண்டு கொழுந்தனார்களுக்கும் நாத்தனாருக்கும் தலைக்கு இருபதில் ஒன்று, முன்னரே மறைந்த மகனின் பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து இருபதில் ஒன்று. மருமகளுக்கு இதில் ஏதுமில்லை. வீட்டை அறுபது கூறாகக் கணக்கிட்டால், மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து 39 கூறு, தாய்க்கு 12 கூறு, கணவருடைய உடன்பிறந்தார்க்கு 9 கூறு. வீட்டை விற்கவோ கடன் பெறவோ முற்படும் நாளில், வெளியூரிலுள்ள கொழுந்தனார் கையெழுத்தும் வேண்டும் என்று வங்கி கேட்கும்போதுதான் இது தெரியவரும். அவர்கள் பேராசையால் கேட்பவர்களல்லர்; சட்டப்படி அவர்களும் உடையவர்களே.

வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் சரிபாதியாக வாங்கப்பட்டிருந்தால், கணவரின் பாதி மட்டுமே மேற்கண்டவாறு பிரியும். மேலே கூறிய குடும்பத்தில் மனைவியின் பங்கு அப்போது ஐந்தில் மூன்றாகிவிடும். புதிதாக வீடு வாங்கும் இளந்தம்பதியர் இதனைக் கருத்திற் கொள்க.

மனைவி பெறும் பங்கு அவரது முழு உரிமை. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விதவைக்குக் கிடைத்தது ஆயுட்கால உரிமை மட்டுமே. விற்கவோ பிறருக்கு எழுதிவைக்கவோ தடைகள் இருந்தன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அத்தடையை நீக்கியது. "அம்மாவுக்கு இருக்கும்வரை இருக்க உரிமை, அவ்வளவுதான்" என்று பேசுவோர் எழுபதாண்டுகளுக்கு முந்தைய சட்டத்தைப் பேசுகின்றனர்.

பெண்மக்கள் பற்றியும் ஒரு தெளிவு தேவை. மகளுக்குச் சொத்துரிமை 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தால் வந்தது என்றும், 2005-இல் மத்தியச் சட்டத்தால் வந்தது என்றும் சொல்லப்படுகிறது. அவை முன்னோர் வழி வந்த கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையைப் பற்றியவை. தந்தை தாமே ஈட்டிய வீட்டில் மகள் 1956 முதலே மகனுக்குச் சமமான வாரிசு. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தருமாறு மகள் கேட்க இயலாது, ஆண்மக்கள் பிரிக்க முன்வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றிருந்த 23-ஆம் பிரிவும் 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தைப் பொறுத்தவரை, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. திருமணத்தில் சீர் செய்துவிட்டோமே என்பது நம் இல்லங்களில் கேட்கும் வாதம். சீர் என்பது வாரிசுப் பங்குக்கு ஈடன்று. மகள் தானாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. அவ்வாறு விட்டுக்கொடுக்கவும் பதிவு செய்த பத்திரம் வேண்டும்.

"பாட்டனார் வீடு" என்றதும் அது பூர்விகச் சொத்து என்று முடிவு கட்டுதல் கூடாது. பாட்டனார் தாமே கட்டிய வீடு, அவர் 1956-க்குப் பின் உயிலின்றி மறைந்திருந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும் பங்காகச் சென்றிருக்கும். அவ்வாறு மகனுக்கு வந்த பங்கு அவனது தனிச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1986-இல் விளக்கியது. ஆகவே, ஊரில் நாற்பதாண்டுகள் குடியிருந்து மறைந்த தந்தையாருக்கு வீடு முழுதும் சொந்தமாக இருந்ததா, அத்தைமார் பங்கும் அதிலிருந்ததா என்பதை முதலில் ஆராய வேண்டும். தந்தைக்கு உரியதாயிருந்த அளவே மக்களுக்கு வரும். உண்மையான கூட்டுக்குடும்பச் சொத்தாயின் கணக்கு முற்றிலும் வேறு. அதனைப் பத்திரங்களோடு வழக்கறிஞரிடம் காட்டியே அறிதல் நலம்.

சான்றிதழ்களும் பட்டாவும்

இறப்பைப் பதிவு செய்து சான்றிதழ் பெறுவது முதற்படி. 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிட்டால் தொல்லையில்லை. பெயரின் எழுத்துகள் பத்திரத்திலும் ஆதாரிலும் உள்ளவாறே இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மவர் பெயர்களில் இதனால் வரும் இடர் மிகுதி. பத்திரத்தில் "நயினார்" என்ற பட்டத்தோடு ஒரு பெயரும், குடும்ப அட்டையில் அஃதின்றி ஒரு பெயரும் இருக்கும்.

அடுத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும். இ-சேவை மையம் வாயிலாக விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவர். இதில் மணமான மகளையோ, முன்னரே மறைந்த மகனின் குடும்பத்தையோ, வயது முதிர்ந்த தாயாரையோ விட்டுவிட்டுப் பெயர் கொடுப்பது பின்னாளில் சான்றிதழையே கெடுக்கும். இச்சான்றிதழ் வாரிசுகள் யார் என்று காட்டுமே தவிர, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது; எவருக்கும் புதிதாக உரிமை தராது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று இதனின் வேறானது. அது வங்கி வைப்பு, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கானது. வீட்டுக்கு அது வேண்டுவதில்லை.

பட்டா மாற்றமும் இவ்வாறே. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அதுவே உரிமையைப் படைப்பதன்று என்று நீதிமன்றங்கள் பலகாலும் கூறியுள்ளன. இறப்பின் வழியாகப் பட்டா மாற்றுகையில் எல்லா வாரிசுகளின் பெயரும் கூட்டுப்பட்டாவாக ஏறுவதே முறை. மகன் பெயருக்கு மட்டும் மாறியிருந்தாலும் தாயின் பங்கும் சகோதரியின் பங்கும் அழிந்துவிடா. எனினும் பிழையான பட்டாவை நீளவிடுதல் கூடாது. அதைக் காட்டி விற்பனை நடந்துவிட்டால் பின்பு வழக்காடியே மீட்க வேண்டிவரும். வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றங்கள் வசதிக்கானவை; அவற்றை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டால் வீடே அவருக்கு மாறிவிட்டது என்று எண்ணி இருந்துவிடுவோர் உளர்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்ப்பதும் இன்றியமையாதது. வீட்டுக் கடன் நிலுவையிருந்தால் கடனும் வீட்டோடு தொடரும். கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்று வங்கியிடம் உடனே கேட்க வேண்டும். கடன் தீர்ந்தபின் 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும், வாரிசுகளிடம் தரும் முறையையும் வங்கிகள் வகுத்து வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. தாமதத்துக்கு வங்கியே காரணமாயின் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். வாரிசாக வீடு வருவதற்கு வரியோ முத்திரைத் தீர்வையோ இல்லை. எஸ்டேட் வரி 1985-லேயே நீக்கப்பட்டது.

கையெழுத்து எத்திசையில்?

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பலர் பெயரிலுள்ள வீட்டை ஒருவர் பெயருக்குக் கொண்டுவர, மற்றவர் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வர். பிரித்துக்கொள்வதாயின் பாகப்பிரிவினைப் பத்திரம். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதப்படும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. சந்தை மதிப்பில் ஒரு விழுக்காடு. 2023 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி அதன் உச்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சம் 10,000 ரூபாய். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பதிவுநாளில் கேட்டறிக.

செலவு குறைவு, வேலை எளிது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. நம் குடும்பங்களில் வழக்கமாக எழுதப்படும் விடுதலைப் பத்திரத்தில் தாயும் சகோதரிகளும் மகனுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். "அம்மா எங்கே போகப்போகிறார், மகனோடுதானே இருப்பார்" என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலான மகன்கள் அவ்வாறே காப்பாற்றுகின்றனர் என்பதும் உண்மை. ஆனால் மகனும் நோயுறலாம், தொழிலில் கடன்படலாம், தாய்க்கு முன்பே காலமாகலாம். அப்போது வீடு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தாய்க்குமாகப் பிரியும். கடன் கொடுத்தவர் வீட்டைக் கைப்பற்றவும் கூடும். தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்ட தாய், தான் வாழ்ந்த வீட்டில் விருந்தாளி ஆகிறார்.

எனவே, பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையெழுத்து எதிர்த்திசையில் செல்வதே தக்கது என்பது எம் கருத்து. மக்கள் அனைவரும் தம் பங்கைத் தாய்க்கு விடுதலை செய்து தருக. அவர் முழு உரிமையோடு அவ்வீட்டில் வாழ்வார். அவருக்குப் பின், அவர் வேறுவிதமாக உயில் எழுதினாலன்றி, அது மீண்டும் மக்கள் அனைவருக்கும் சமமாகவே வரும். தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதிவிடுவாரோ என்ற ஐயம் எழுந்தால், எவரும் எவருக்கும் விட்டுக்கொடுக்காமல், தாய் வாழ்நாள் முழுதும் வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உரிமை உண்டு, அதுவரை எவரும் பிரிவினை கேட்பதில்லை என்று குடும்ப ஏற்பாடாக எழுதிப் பதிவு செய்து கொள்ளலாம். வாய்மொழி ஏற்பாடும் செல்லும் என்று தீர்ப்புகள் உண்டு. ஆயினும் சாட்சி சொல்லும் பெரியவர்கள் எத்தனை ஆண்டுகள் இருப்பர்?

தாய் தம் விருப்பத்தோடே மகனுக்கோ மகளுக்கோ எழுதித் தர விரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். 60 வயது நிரம்பிய ஒருவர், தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதித் தந்து, பெற்றவர் அதனைச் செய்யத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்க அதன் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. தமிழ்நாட்டில் இதனை விசாரிக்கும் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் உள்ளது. நிபந்தனை இருந்ததாக நிறுவப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 சனவரியில் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், இது முதியோர் நலத்துக்கான சட்டமாதலின் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய்க்கு அவர் எழுதித் தந்த சொத்தை மீட்டளித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் வழி ஒன்றே: உணவு, உறைவிடம், மருத்துவம் பற்றிய நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுக. பத்திர எழுத்தர் "இதெல்லாம் எதற்கம்மா" என்று சொன்னாலும் எழுதச் சொல்லுக. மருமகளுக்கோ பேரனுக்கோ தம் பங்கை விட்டுத்தரும் முதிய மாமியாருக்கும் இதுவே பொருந்தும். அவரும் ஒரு காலத்தில் இவ்வீட்டுக்குக் கணவரோடு வந்தவரே.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பங்கைத் தாய் விட்டுக்கொடுக்க இயலாது. நீதிமன்ற அனுமதியின்றி விற்றாலோ விடுதலை செய்தாலோ, பிள்ளை வயது வந்தபின் அதனைச் செல்லாததாக்கலாம்.

அவசரம் எதுவும் இல்லை என்பதையும் தாய்மார் அறிக. கணவர் மறைந்த அந்நொடியிலேயே பங்கு மனைவியை அடைந்துவிடுகிறது. பட்டா மாறாததாலோ பத்திரம் எழுதாததாலோ அது கைவிட்டுப் போவதில்லை. சான்றிதழ்களைப் பெற்று வைத்துக்கொண்டு, உரிமையை மாற்றும் பத்திரம் எதிலும் முதலாண்டு முழுதும் கையெழுத்திடாதிருப்பது நன்று. துயரத்திலிருப்பவர் கண்ணீர்த்திரை வழியே படிக்கும் பத்திரம் படித்ததாகாது. மறுமணம் செய்துகொண்டாலும் கணவரிடமிருந்து வந்த பங்கை மனைவி இழப்பதில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தில், பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்களைக் கூறுமிடத்து, எல்லை மீறக்கூடாத பொருள்களுள் முதலில் வைக்கப்பட்டவை நிலமும் வீடும். பொன்னும் வெள்ளியும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. உடன்பிறந்தாளின் பங்கைக் கேளாமலே தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சிராவகர், அவ்விரதத்தை மட்டுமன்றிக் கள்ளாமையையும் எண்ணிப் பார்க்கலாம்.

மனைவி முந்தினால்

வீடு மனைவி பெயரிலிருந்து அவர் உயிலின்றி மறைந்தால் வரிசை வேறு. மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோர் சமபங்கு பெறுவர். முன்னரே மறைந்த மகன் அல்லது மகளின் பிள்ளைகள் அப்பங்கைப் பெறுவர். மனைவியைப் பெற்ற தாய்க்கு, இவர்கள் இருக்கும்வரை, ஏதும் இல்லை. ஆண் இறந்தால் அவன் தாய்க்குப் பங்கு, பெண் இறந்தால் அவள் தாய்க்கு இல்லை என்பது நியாயமாகத் தோன்றவில்லை. சட்டம் இன்றும் அவ்வாறே இருக்கிறது.

பிள்ளைகளில்லாத தம்பதியர் இதனைச் சற்று ஆழ்ந்து கவனிக்க வேண்டும். பிள்ளையில்லாத பெண்மணி தம் தந்தை அல்லது தாயிடமிருந்து வாரிசாகப் பெற்ற வீடு அவருக்குப்பின் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும்; கணவருக்கு வராது. கணவரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ வாரிசாகப் பெற்றது கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும். அவர் தாமே சம்பாதித்து வாங்கியதோ முதலில் கணவருக்கு. கணவரும் இல்லையெனில், அவரைப் பெற்று வளர்த்தவர்களுக்கு முன்பாகக் கணவரின் உறவினருக்கே செல்லும். ஆசிரியையாகப் பணியாற்றி, சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டிய ஒரு விதவையின் வீடு, அவரை உடனிருந்து பேணிய தங்கைக்குக் கிடைக்காமல், முகமறியாத கணவர்வழி உறவினரிடம் போய்ச்சேரும் என்பது இதன் பொருள்.

இதனை மாற்ற உள்ள வழி உயில். மேலே சொன்ன பங்குக் கணக்குகள் யாவும் உயில் இல்லாதபோதுதான். தம் தனிச்சொத்தையும், கூட்டுச்சொத்தில் தமக்குள்ள பங்கையும் எவருக்கும் உயில்வழி எழுதிவைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாள் போதும். எழுதியவரின் கையொப்பமும், அதனைக் கண்ட இரு சாட்சிகளின் கையொப்பமும் கட்டாயம். வீட்டைப் பெறுபவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது. எழுதியவரைவிட இளையவராகச் சாட்சிகள் இருப்பதும் நல்லது. மனைவிக்கு எழுதும் கணவர், முழு உரிமையா வாழ்நாள் உரிமை மட்டுமா என்பதை ஐயமின்றிக் குறிக்க வேண்டும். "என் மனைவி அனுபவித்துப் பின் என் மகனுக்கு" என்றெழுதினால், அவசர மருத்துவத்துக்குக்கூட அவரால் வீட்டை அடகு வைக்க முடியாமற் போகலாம். உயிருடன் இருக்கும்போதே தான செட்டில்மெண்டாக மனைவிக்கு எழுதித் தருவதும் உண்டு. அதனைப் பின்னர் மாற்றுதல் அரிது; உயிலை எத்தனை முறையும் மாற்றலாம்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. செய்துவைத்தால் தொலைந்துவிடும் அச்சமில்லை. பதிவான உயிலின் நகலை, எழுதியவர் வாழும்வரை, அவரும் அவருடைய முகவரும் அன்றிப் பிறர் பெற இயலாது; அவர் மறைந்தபின் இறப்புச் சான்றோடு விண்ணப்பித்துப் பெறலாம். அதற்கு எந்தச் சார்பதிவகத்தில், எந்த ஆண்டில் பதிவாயிற்று என்று தெரிந்திருக்க வேண்டும். ஆவண எண்ணையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம், வரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு ஒரே உறையிலிட்டு, அவ்வுறை இருக்குமிடத்தை மனைவிக்கும் ஒரு மகளுக்கும் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.